வரவேண்டிய கடிதமும் வேண்டாத விளம்பரமும்

ஒருவருக்கு அனுப்பிய கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அவருக்கு விஷயம் தெரியாது என்றுதான் நாம் நினைப்போம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. ‘ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்’ என்று வழக்கறிஞர்கள் சொல்லும் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, சரியான விலாசம் எழுதி, உரிய கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், வழக்கமாகச் சேர வேண்டிய நேரத்தில் சேர்ந்துவிட்டதாகவே கொள்ளச் சொல்கிறது. சேரவில்லை என்று காட்டுவது பெறுநரின் பாடு. ‘கதவு பூட்டியிருந்தது’, ‘ஆள் வீட்டில் இல்லை’, ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதித் தபால்காரர் திருப்பி அனுப்பிய கடிதங்களைக்கூட, சேர்ந்த கடிதங்களாகவே நீதிமன்றங்கள் கொண்டிருக்கின்றன. செக் பணமின்றித் திரும்பிய வழக்குகளில் இதன் விளைவு பளிச்சென்று தெரியும். செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கே கிடையாது. நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பினால், அந்த 15 நாளும் அவருக்குத் தெரியாமலே கழிந்துவிடும். நோட்டீஸே வரவில்லை என்கிறவர் நீதிமன்ற சம்மன் கிடைத்த 15 நாளுக்குள்ளாவது பணத்தைக் கட்டலாம். அதையும் செய்யாமல், வரவில்லை என்று மட்டும் வாதாட முடியாது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இன்னொரு பக்கம், யாரும் கேட்காத தபால்களும் அழைப்புகளும் வழி தவறுவதே இல்லை. வீட்டுமனை விற்பவர், கடன் அட்டை தருகிறவர், போட்டித் தேர்வுப் பயிற்சி நடத்துகிறவர் எல்லோருக்கும் நம் பெயரும் எண்ணும் தெரிந்திருக்கின்றன. பல சமயம், எந்தப் பகுதிக்குக் குடிபோனோம் என்பது உட்பட. இந்த இரண்டையும் தனித்தனித் தொல்லைகளாகப் பார்ப்பதுதான் நம் வழக்கம். முகவரி மாற்றம் அலுவலக வேலை, விளம்பரம் செல்போன் தொல்லை என்று பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே கோளாறின் விளைவுகள் என்பது என் வாதம். நாம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அரசும் வங்கியும் பழைய விலாசத்தையே நம் விலாசமாக வைத்துக்கொள்கின்றன. நாம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் விற்பவர்கள் அதையே அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். மௌனம் சம்மதம் என்ற கணக்கு இரண்டு பக்கமும் குடும்பங்களுக்கு எதிராகவே போடப்படுகிறது. ஆகவே வீடு மாறுகிறவர்கள் இரண்டு வேலைகளையும் ஒருசேரச் செய்ய வேண்டும். அதைவிட முக்கியமாக, இந்தக் கணக்கையே மாற்றும்படி அரசைக் கேட்க வேண்டும்.

பழைய முகவரிக்குக் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதைத் தமிழ்நாடு 2025-ன் இறுதியில் கண்ணால் பார்த்தது. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் அந்த ஆண்டு நவம்பர் 4 அன்று தொடங்கியது. வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் பட்டியலில் உள்ள விலாசங்களுக்குப் படிவத்தோடு போனார்கள். டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில், முன்பிருந்த சுமார் 6 கோடியே 41 லட்சம் பெயர்களில் ஏறத்தாழ 97 லட்சம் இல்லை. அவற்றுள் இறந்துபோனவர்கள் சுமார் 27 லட்சம். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், அதாவது 66 லட்சத்துக்கும் அதிகமானவர்கள், இடம் மாறியவர்கள் அல்லது அந்த விலாசத்தில் காணப்படாதவர்கள் என்ற கணக்கில் நீக்கப்பட்டவர்கள். சென்னையில் நீக்கம் மிக அதிகமாக இருந்ததற்கு வாடகை வீடுகள் நிறைந்த ஊர் அது என்பதும் ஒரு காரணம். இந்தத் திருத்தத்தை நடத்திய முறை பற்றியும் அதன் அவசரம் பற்றியும் கடும் விவாதம் நடந்தது. அந்த விவாதம் தேவையானதே. ஆனால் எந்த முறையில் நடத்தியிருந்தாலும், அடுத்த தெருவுக்குக் குடிபோனவர் பழைய கதவு எண்ணில் இருந்திருக்கப் போவதில்லை. வீடு மாறியதும் படிவம் 8 கொடுத்திருந்தால் அவர் பெயர் புதிய பாகத்தில் பத்திரமாக இருந்திருக்கும். பெயர் போன பிறகு படிவம் 6 கொடுத்து, புதிய வாக்காளரைப்போல் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் வாக்காளராக இருக்கக்கூடாது என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தடுப்பதால், சொந்த ஊர்ப் பட்டியலில் பெயரை விட்டுவிட்டு நகரத்திலும் சேர்த்துக்கொள்வது தீர்வாகாது.

பணத்திலும் இதே கதைதான். பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வங்கிக் கணக்கிலுள்ள தொகை, ரிசர்வ் வங்கி 2014-ல் ஏற்படுத்திய வைப்புதாரர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடுகிறது. 2024 மார்ச் முடிவில் அங்கே சேர்ந்திருந்த தொகை 78,000 கோடி ரூபாய்க்கும் மேல். கம்பெனிப் பங்குகளுக்கும் இப்படி ஒரு விதி உண்டு. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்கப்படாவிட்டால் அந்தத் தொகையோடு பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படுகின்றன. இவ்வளவும் விலாசம் மாறியதால் தேங்கியது என்று சொன்னால் அது மிகைப்படுத்தல். கணக்கு வைத்திருந்தவர் இறந்துபோய் வாரிசுகளுக்குத் தெரியாமல் போனதும், வேலை மாறும்போது சம்பளக் கணக்கை மறந்ததும் இதில் உண்டு. ஆனால் வங்கி ஒருவரைத் தேட முயலும்போது அதன் கையில் இருப்பது ஒரு விலாசமும் ஒரு தொலைபேசி எண்ணும்தான். இரண்டும் காலாவதியாகியிருந்தால் தேடல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய ‘உத்கம்’ இணையதளத்தில் ஒருவர் தம் பெயரையோ மறைந்த பெற்றோரின் பெயரையோ கொடுத்து, பல வங்கிகளில் கிடக்கும் தொகையைத் தேடலாம். பணத்துக்கு உரிமை போய்விடவில்லை. எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். கேட்பதற்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரிய வேண்டுமே.

எல்லாம் செல்போனுக்கு வந்துவிட்ட காலத்தில் வீட்டு விலாசத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். பாதி உண்மையான கேள்வி. வங்கிக் கணக்கு விவரம், மின்கட்டண நினைவூட்டல், போக்குவரத்து அபராதம் எல்லாம் முதலில் போனுக்குத்தான் வருகின்றன. ஆனால் போன் எண்ணும் ஒரு முகவரிதான். அதையும் நாம் மாற்றுகிறோம், மாற்றியதைச் சொல்ல மறக்கிறோம். மேலும் சில விஷயங்களுக்கு விலாசத்தைத் தவிர வேறு வழியே இல்லை. எந்தத் தொகுதியில் வாக்கு, எந்தக் கடையில் ரேஷன், எந்த நீதிமன்றத்தில் வழக்கு என்பவற்றைத் தீர்மானிப்பது நாம் குடியிருக்கும் இடம். வாகனச் சட்டம் இன்னும் கறாரானது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஆர்.சி.யில் உள்ள முகவரியை விட்டு மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. அந்த 30 நாள் கெடு பற்றி எத்தனை வண்டிக்காரர்களுக்குத் தெரியும்? வருமான வரித் துறையும் பான் பதிவிலோ கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கிலோ உள்ள விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அது நாம் தந்த விலாசம் என்பதால், போய்ச் சேரவில்லை என்ற வாதம் வலுவிழந்துவிடும்.

ஆதாரில் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் தானாக மாறிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அது நடப்பதில்லை. ஆதாரில் புதிய விலாசம் ஏறியதால் வாக்காளர் பட்டியலோ, ஆர்.சி.யோ, குடும்ப அட்டையோ, எல்.ஐ.சி. பாலிசியோ மாறாது. ஒவ்வொன்றுக்கும் தனி மனு, தனித் தளம், தனிக் காத்திருப்பு. பாஸ்போர்ட்டில் விலாசத்தை மாற்ற வேண்டுமென்றால் புதிய புத்தகமே வாங்க வேண்டும். ஆனாலும் ஆதாரில் தொடங்குவது புத்திசாலித்தனம். மற்ற பெரும்பாலான இடங்களில் விலாசச் சான்றாக அது செல்லும். பெயரையும் பிறந்த தேதியையும் மாற்றுவதற்கு இருக்கும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு விலாசத்துக்குக் கிடையாது. வாடகை வீட்டில் மின் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும் என்பதால் அந்தச் சீட்டு உதவாது. சமையல் எரிவாயு இணைப்பை முதலில் புதிய விலாசத்துக்கு மாற்றிக்கொண்டால், மூன்று மாதத்துக்கு உட்பட்ட அதன் ரசீதை ஆதாருக்குச் சான்றாகக் கொடுக்கலாம். வங்கியில் இன்னும் எளிது. விலாசம் மட்டும் மாறியிருந்தால் வாடிக்கையாளர் தாமே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை வங்கி ஏற்று, இரண்டு மாதத்துக்குள் கடிதம் அனுப்பியோ ஆள் அனுப்பியோ சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கவுண்டரில் இருப்பவர் வேறு மாதிரிச் சொன்னால், இந்த விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் கேட்கலாம். பழைய வீட்டுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால் நிலையத்திலும் புதிய விலாசத்தை எழுத்தில் கொடுத்து, வரும் தபால்களை அங்கே அனுப்பிவைக்கச் சொல்லலாம். இது இடைக்கால ஏற்பாடு மட்டுமே. கூரியரில் வருவதற்கு இது பொருந்தாது.

இந்த அலைச்சல் எல்லோர் தலையிலும் ஒரே அளவில் விழுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, முன்பு வாழ்ந்த இடத்தை விட்டு வேறு இடத்துக்கு வந்தவர்கள் நாட்டில் சுமார் 45 கோடி. அவர்களில் பெரும்பகுதி பெண்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இடம் மாறியது திருமணத்தால். வீடு, மின் இணைப்பு, எரிவாயு, வாடகை ஒப்பந்தம் எதிலும் தன் பெயர் இல்லாத ஒரு மருமகள், தான் அந்த வீட்டில்தான் வசிக்கிறேன் என்று காகிதத்தில் காட்ட நீண்ட காலம் வழியில்லாமல் இருந்தது. குடும்பத் தலைவரின் ஆதாரைக்கொண்டு, உறவுமுறைச் சான்றோடு மற்றவர்கள் விலாசம் மாற்றிக்கொள்ளும் வசதியை ஆதார் ஆணையம் 2023-ல்தான் இணையத்தில் கொண்டுவந்தது. தலைவர் 30 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். பயனுள்ள வசதிதான். என்றாலும் ஒரு பெண் தன் சொந்த விலாசத்துக்கு இன்னொருவர் சம்மதத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கணவர் வீட்டோடு மனக்கசப்பில் இருக்கிறவருக்கு அந்தச் சம்மதம் கிடைக்காது. வாடகைக்காரர்களின் நிலையும் சங்கடமானது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதைத் தவிர்க்கவே பதினோரு மாத ஒப்பந்தம் என்ற பழக்கம் வந்தது. அந்த ஒப்பந்தத்தைக்கூட எழுதித் தராமல், வாய்ப்பேச்சில் வீட்டை விடும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். விலாசம் மாற்றாமல் இருப்பவர்களை அலட்சியக்காரர்கள் என்று பொதுவாகத் திட்டுவது ஆகவே நியாயமல்ல.

இனி மறுபக்கம். வேண்டாத விளம்பரத்துக்கு நம் விவரம் எப்படிக் கிடைக்கிறது? பெரும்பாலும் நாமே கொடுத்ததுதான். ஜவுளிக் கடையில் பில் போடும்போது சொன்ன எண், பரிசுக் குலுக்கலுக்கு நிரப்பிய சீட்டு, புதிய வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்புக் கேட்டு எழுதிய படிவம். வீடு மாறும் மாதத்தில் ஒரு குடும்பம் வழக்கத்தைவிடப் பல மடங்கு படிவங்களை நிரப்புகிறது. விளம்பரக்காரர்களுக்கும் அந்த மாதம்தான் பிடித்தமானது, ஏனென்றால் திரைச்சீலை முதல் வாட்டர் ப்யூரிஃபையர் வரை எல்லாம் தேவைப்படும் நேரம் அது. பில் போட போன் எண் கட்டாயம் என்று கடைகள் வற்புறுத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. எண் தர மறுத்துவிட்டுப் பொருளை வாங்கிச் செல்ல நமக்கு உரிமை உண்டு. ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் அழைப்புகளை நிறுத்த 1909 என்ற எண்ணை அழைத்தோ, அதற்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டி.என்.டி. (‘தொல்லை வேண்டாம்’) செயலி வழியாகவோ பதிவு செய்யலாம். மொத்தமாகவும் நிறுத்தலாம்; வங்கி, வீட்டுமனை, கல்வி என்று துறைவாரியாகவும் நிறுத்தலாம். 2025 பிப்ரவரியில் டிராய் விதிகளைத் திருத்திய பிறகு, புகார் செய்ய மூன்று நாளுக்குப் பதில் ஏழு நாள் கிடைக்கிறது. பதிவில்லாத எண்ணிலிருந்து வரும் விளம்பரத்தைப் பற்றி டி.என்.டி.யில் சேராதவரும் புகார் தரலாம். எஸ்.எம்.எஸ். அனுப்புகிற பெயரின் கடைசியில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது விளம்பரம், ‘எஸ்’ சேவை, ‘டி’ பணப் பரிவர்த்தனை, ‘ஜி’ அரசு. மொத்தமாக நிறுத்தினால் ஓ.டி.பி.யும் நின்றுவிடும் என்று பயந்து பலர் பதிவே செய்வதில்லை. அந்தப் பயம் தேவையில்லை. சேவை, பரிவர்த்தனைச் செய்திகளை டி.என்.டி. தடுக்காது.

ஆனால் இந்த ஏற்பாட்டின் அடிப்படையே தவறு என்று நினைக்கிறேன். 2007-ல் ‘அழைக்காதே’ பட்டியல் தொடங்கிய நாள் முதல், தொல்லை வேண்டாம் என்கிறவர்தான் முயற்சி எடுத்துப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. காகிதத் தபாலுக்கோ அப்படி ஒரு பட்டியல்கூட இங்கே இல்லை. பெயர் போட்டு வரும் விளம்பரத் தபாலை வாங்க மறுத்துத் திருப்பிக் கொடுக்கலாம். அந்தப் பழக்கத்தில் பதிவுத் தபாலையும் விரைவுத் தபாலையும் பார்க்காமல் மறுத்துவிடக் கூடாது, மறுத்த நோட்டீஸ் சட்டப்படி சேர்ந்த நோட்டீஸ். பழைய குடித்தனக்காரர் பெயருக்கு வருவதை ‘இந்த விலாசத்தில் இல்லை’ என்று எழுதித் தபால்காரரிடமே கொடுத்துவிடுவது நல்லது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம் 2018 ஜனவரி முதல் இந்த முறையைத் திருப்பிப் போட்டது. அதுவரை விளம்பரம் வேண்டாதவர்கள் தபால் பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு வேண்டுகிறவர்கள்தான் ஒட்ட வேண்டும், ஒட்டாத பெட்டியில் பெயரிடாத விளம்பரம் போடக்கூடாது. அச்சகத்தாரும் விளம்பரத்தாரும் வழக்குப் போட்டார்கள். 2021-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கமே நின்றது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. தவறான விவரத்தைத் திருத்தக் கேட்கும் உரிமையையும் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பகுதிகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருப்பதால், 2027 மே வரை காத்திருக்க வேண்டும்.

விளம்பரத்தை நம்பி எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள், புதிதாகக் கடை திறக்கிறவர் வேறு எப்படித் தெரியப்படுத்துவார் என்ற மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காலைச் செய்தித்தாளுக்குள் வரும் மெஸ் நோட்டீஸும், தெருமுனையில் கையில் திணிக்கப்படும் துண்டுச் சீட்டும் நம் பெயரையோ எண்ணையோ சேகரிப்பதில்லை. படித்துவிட்டுப் போட்டுவிட்டால் விவகாரம் முடிந்தது. அச்சகத்தாரும் வீடு வீடாக நோட்டீஸ் போடுகிறவர்களும் அதில் கௌரவமாகச் சம்பாதிக்கிறார்கள். நான் ஆட்சேபிப்பது, நம் விவரங்களை ஒரு காரியத்துக்காக வாங்கி வேறு காரியத்துக்கு விற்கும் வியாபாரத்தை. அதே கசிவிலிருந்துதான் பெயர், எண், வங்கி எல்லாம் சரியாகச் சொல்லி ஏமாற்றும் மோசடிக்காரர்களுக்கும் பட்டியல் போகிறது. அந்த வழியை அடைப்பதால் தெருவோரத்து மெஸ் நஷ்டப்படப் போவதில்லை.

ஒரே இடத்தில் சொன்னால் எல்லா இடத்திலும் மாறும்படி செய்ய முடியாதா? ஸ்வீடனில் குடிபெயர்ந்தவர் ஒரு வாரத்துக்குள் வரித் துறைக்குத் தெரிவிக்கிறார். பொதுப் பதிவேட்டிலிருந்து மற்ற அலுவலகங்களும் வங்கிகளும் புதிய விலாசத்தை எடுத்துக்கொள்கின்றன. இந்த வசதிக்குள் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் தபால் துறையிடம் கொடுக்கும் முகவரி மாற்றம், நம் பழைய விலாசத்தை வைத்திருக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் உரிமம் பெற்ற அமைப்புகள் வழியாகப் போய்ச் சேர்கிறது. அங்கே வீடு மாறினாலும் விளம்பரம் கூடவே வருவது அதனால்தான். ஆதாரைச் சுற்றி எல்லாவற்றையும் பின்னுவதற்கு எதிராக நீதிமன்றத்தில் எழுந்த கவலைகளும், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் தந்த தீர்ப்பும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். எனக்குச் சரியாகப் படுவது, யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதைக் குடியிருப்பவரே தேர்ந்தெடுக்கும் முறை. அதற்கு அடித்தளம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இணையத்திலேயே பதியலாம். ஒரு குடும்பம் எந்த வீட்டை விட்டு எந்த வீட்டுக்கு வருகிறது என்பது அரசுக்குத் தெரியவரும் நேரம் அதுதான். அந்தப் பக்கத்திலேயே உணவு வழங்கல் துறை, போக்குவரத்துத் துறை, தேர்தல் அலுவலர், தபால் நிலையம் என்று வரிசையாகக் கொடுத்து, வேண்டியதைக் குடித்தனக்காரர் குறியிட்டால் அங்கே மட்டும் தகவல் போகும்படியும், குறியிடாத எவருக்கும், எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் போகாதபடியும் செய்யலாம். பதிவு பெருகினால் வரி வரும் என்று தயங்கும் உரிமையாளர்களைக் குடித்தனக்காரர்களே பதியச் சொல்லி வற்புறுத்துவதற்கும் அப்போது ஒரு காரணம் கிடைக்கும்.